கம்பி எல்லை தாண்டும்போது சட்டம் எது?

கேள்வி: சட்டப் படிப்பு முடித்துவிட்டேன். நாடுகளுக்கு இடையிலான மின்சார வணிகத்தின் சட்டத்தில் மேற்படிப்பு படிக்க ஆசை. பொறியியல் தெரியாதே, சமாளிக்க முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?
— வாசகி ஒருவர்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே உடன்படிக்கைகளை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், தூக்கம்தான் வரும். நான் வகுப்பில் முதலில் கொடுப்பது ஸ்வீடன் விவகாரத்தை.

அந்த நாட்டின் வடக்கே நீர்மின்சாரம் ஏராளம்; தேவையோ தெற்கே. நடுவில் உள்ள கம்பிகளில் நெரிசல் வந்தபோதெல்லாம் (அதாவது, தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் போக வேண்டியிருந்தபோதெல்லாம்), மின்தொடரமைப்பை நடத்தும் அரசு நிறுவனம் அண்டை நாடுகளுக்கான ஏற்றுமதியைக் குறைத்துவிடும். டென்மார்க்கிலிருந்து புகார் போனது. பொறியாளர் கண்ணுக்கு இது அன்றாட கிரிட் (மின்தொடரமைப்பு) நிர்வாகம். ஐரோப்பிய ஆணையத்துக்கோ, உள்ளூர் நுகர்வோரையும் வெளிநாட்டு நுகர்வோரையும் பாகுபடுத்தும் போட்டிச் சட்டப் பிரச்சினை. 2010-ல் நிறுவனம் தந்த உறுதிமொழியை ஆணையம் கட்டாயமாக்கியது. அதன்படி 2011 நவம்பரில் ஸ்வீடன், தனித்தனி மின்விலை கொண்ட நான்கு விலை மண்டலங்களாகப் பிரிந்தது. அதுவரை எல்லையில் மறைத்து வைத்த நெரிசல், உள்நாட்டு விலையில் தெரிய ஆரம்பித்தது. உங்களுக்கு வேண்டிய பொறியியல் பெரும்பாலும் இவ்வளவுதான்: நெரிசல் எங்கே, அதன் செலவு யார் தலையில்?

இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தம் ஒரு வழி சொல்லும். மின்சாரம் தன் வழியில் போகும். வட ஜெர்மனியின் காற்றாலை மின்சாரம் தெற்கே போக வேண்டியது, போலந்து, செக் கம்பிகளிலும் புகுந்துவிடும். பொறியியல் படித்துவிட்டு வரும் மாணவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் அந்தச் சுமைக்கு யார் பணம் தருவது என்று கேட்டால் அவர்களும் விழிப்பார்கள்!

ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது, எல்லை தாண்டிய வணிகத்துக்குக் கம்பிகளின் கொள்ளளவில் குறைந்தது 70 சதவீதத்தை ஒதுக்க வேண்டும் என்று 2019-ம் ஆண்டு விதி இருக்கிறது. விதிவிலக்குகள் தனிக்கதை.

தெற்காசியாவில் அப்படி ஒரு பொது ஒழுங்குமுறை அமைப்பே கிடையாது. நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் பொது எல்லை இல்லை. அதனால் 40 மெகாவாட் விற்கவே, 2024 அக்டோபரில் இந்தியாவையும் சேர்த்து முத்தரப்பு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. அந்த மின்சாரம் இந்திய கிரிட் வழியாகத்தான் போக வேண்டும்; ஆகவே இந்திய அரசின் 2018-ம் ஆண்டு வழிகாட்டுதல்களும் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019-ம் ஆண்டு விதிகளும் நடுவே வந்து நிற்கும்.

சரி, ஆய்வுத் தலைப்பு தேடுவீர்கள் அல்லவா? இதையே எடுங்கள். வழியில் ஏற்படும் மின்னிழப்பு யார் கணக்கு, கம்பிக் கட்டணத்தை யார் நிர்ணயிப்பது, தகராறு வந்தால் எந்த மன்றத்துக்குப் போவது என்ற மூன்று கேள்விகளே ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும்.