ஏழு சுடரும் ஒன்பது சுடரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் இருக்கும் என் மகள், பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்தின் ஹனுக்கா பண்டிகைப் படம் ஒன்றை அனுப்பினாள். சன்னலில் ஒன்பது மெழுகுவர்த்திகள். இஸ்ரேலின் அரசு முத்திரையில் இருக்கும் யூத விளக்குக்கோ ஏழு கிளைதான். எது உண்மையான மெனோரா? அசல் மெனோரா வாட்டிகன் நிலவறையில் இருப்பதாக ஒரு யூடியூப் காணொளி சொல்கிறதே, நிஜமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

இரண்டையுமே மெனோரா என்றுதான் சொல்கிறார்கள். ஏழு கிளை உள்ளது யூதர்களின் பழைய எருசலேம் கோயில் விளக்கு, ஒன்பது உள்ளது வீட்டு விளக்கு.

கோயில் விளக்கை எப்படிச் செய்யவேண்டும் என்று பைபிளின் யாத்திராகமம் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒரு தாலந்து (பழைய எடை அளவு) பசும்பொன்னை அடித்தே உருவாக்க வேண்டும். நடுத்தண்டின் இருபுறமும் மும்மூன்று கிளைகள், அவற்றில் வாதுமைப் பூ வடிவக் கிண்ணங்கள். எரிப்பது ஒலிவ எண்ணெய். எருசலேம் கோயிலில் அது இருந்த அறைக்குள் ஆசாரியர்கள் மட்டுமே போகலாம்.

வீட்டு விளக்கு நேர் எதிர், ஊர் பார்ப்பதற்காகவே ஏற்றுவது. கிரேக்க அரசன் அந்தியோகஸ் கொள்ளையடித்துத் தீட்டுப்படுத்திய கோயிலை யூதக் கிளர்ச்சித் தலைவர் யூதாஸ் மக்கபே மீட்டு, பொ.ஆ.மு. 164இல் புனிதப்படுத்தினார். ஹனுக்கா அந்த நாளின் பண்டிகை. ஒரு நாளைக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற பிரபலமான கதை, அந்தக் கிளர்ச்சியைச் சொல்லும் மக்கபேயர் நூல்களில் கிடையாது. பல நூற்றாண்டுகள் கழித்து, யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்மூதில்தான் வருகிறது. எட்டு நாளுக்கு எட்டுச் சுடர். ஹனுக்கா வெளிச்சத்தைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது, அதில் காசு எண்ணுவதுகூடத் தப்பு. அதற்காகத்தான் கூடுதலாக ஒன்று, ஷமாஷ் எனப்படும் பணியாள் சுடர். மற்றவற்றை ஏற்றுவதும் அதைக்கொண்டுதான். அப்புறம், கோயிலில் இருந்ததைப் போலவே ஏழு கிளையில் விளக்கு செய்யக்கூடாது என்றும் தால்மூதே தடுக்கிறது.

விளக்கைத் தெருவைப் பார்த்து வைக்கவேண்டும், ஆபத்துக் காலமென்றால் மேசைமேல் வைத்தால் போதும் என்பது விதி. 1931இல் ஜெர்மனியின் கீல் நகரில் யூத மதகுரு (ராபி) அகிவா போஸ்னரின் மனைவி ரேச்சல் எடுத்த புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். சன்னலில் ஹனுக்கா விளக்கு; எதிர்க் கட்டடத்தில் ஸ்வஸ்திகா போட்ட நாஜிக் கொடி. யூதம் ஒழிக என்று கொடி சொல்கிறது, யூதம் என்றும் வாழும் என்று விளக்கு பதில் சொல்கிறது என்ற பொருளில் படத்தின் பின்பக்கம் அவர் எழுதிவைத்தார். விதி கொடுத்த சலுகையை அந்தக் குடும்பம் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி முத்திரை. பொ.ஆ. 70இல் டைட்டஸ் தலைமையில் ரோமானியப் படை எருசலேம் கோயிலை அழித்தது. வெற்றி ஊர்வலத்தில் வீரர்கள் மெனோராவைத் தோளில் சுமந்து போவதை ரோமில் டைட்டஸின் வெற்றி வளைவில் செதுக்கியிருக்கிறார்கள். 1949இல் இஸ்ரேல் தன் முத்திரைக்கு எடுத்துக்கொண்டது அந்த வடிவத்தைத்தான். பழைய யூத வழிபாட்டுக்கூடங்களின் (சினகாக்) மொசைக் ஓவியங்களில் மெனோராவுக்கு மூன்று கால் இருக்கும். வளைவில் இருப்பதோ கடல் மிருகங்கள் செதுக்கிய அடுக்குப் பீடம், ஆகவே அது அசல்தானா என்ற சர்ச்சை இன்றும் உண்டு. ஜெயித்தவன் பெருமைக்காகச் செதுக்கியதைத் தோற்றவர்களின் வாரிசுகள் அரசு முத்திரை ஆக்கிக்கொண்டதுதான் எனக்கு வாட்டிகன் மர்மத்தைவிடச் சுவாரசியமாகப் படுகிறது.

சரி, வாட்டிகன். கோயிலின் பொன் பாத்திரங்கள் ரோமின் அமைதிக் கோயிலில் வைக்கப்பட்டன என்கிறார் அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். 455இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமைச் சூறையாடினார்கள். யூதர்களின் பொக்கிஷங்கள் வாண்டல்களிடமிருந்து கைப்பற்றப்பட்டு 534இல் கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்தன, அவற்றை வைத்திருந்தால் கேடு வரும் என்று பயந்த பேரரசர் ஜஸ்டினியன் எருசலேமின் கிறிஸ்தவ ஆலயங்களுக்கு அனுப்பிவிட்டார் என்று எழுதுகிறார் அவர் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோபியஸ். அவற்றில் மெனோராவும் இருந்ததாக அவர் பெயர் சொல்லி எழுதவில்லை. ஆனால் அவர் சொல்வது சரியென்றால் அந்தப் பொருட்கள் ரோமை விட்டுப் போய் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேலாகிறது. நிலவறையைத் திறக்கச் சொல்லும் காணொளிக்காரர் முதலில் புரோகோபியஸுக்குப் பதில் சொல்லட்டும்.