வாசகர் கேள்வி-பதில்: அம்பு பட்ட மான் எங்கே போனது?

கேள்வி: நான் ஒஹையோவில் வேலை பார்க்கிறேன். இந்த சீசனில்தான் லைசென்ஸ் எடுத்து, கிராஸ்போவோடு (துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தி அம்பு விடும் வில்) மான் வேட்டைக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். அம்பு பட்டதும் மான் ஓடிவிடுகிறது. "உடனே பின்னால் போகாதே, உட்கார்" என்கிறார் கூட வரும் நண்பர். அதற்குள் ரத்தம் காய்ந்து தடம் போய்விடாதா?
- ஒரு வாசகர், கொலம்பஸ்

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள். காய்ந்த ரத்தம் கறுத்துப்போகுமே தவிர, மழை வராதவரை எங்கேயும் போய்விடாது. அம்பு, துப்பாக்கிக் குண்டு மாதிரி அடித்துச் சாய்ப்பதில்லை. முனையில் இருக்கும் பிளேடு உள்ளே அறுத்துவிட, ரத்தம் போய்த்தான் மான் சாகிறது, அதற்கு நேரம் வேண்டும். விட்டுவிட்டால் பெரும்பாலும் பக்கத்திலேயே எங்காவது படுத்துவிடும். பதறிப்போய்த் துரத்தினால் அந்த வலியோடு எழுந்து ஓடும், அப்புறம் உங்களுக்கும் கிடைக்காது, அதுவும் ராத்திரி முழுக்கத் துடிக்கும். இது நடக்கவே கூடாது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? அம்பைப் பார்த்தால் தெரியும். கிராஸ்போ அம்பு பல சமயம் மானைத் துளைத்துக்கொண்டு போய் மறுபக்கம் மண்ணில் குத்தி நிற்கும். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தால் சத்தமில்லாமல் இறங்கிப் போய் அதை எடுங்கள், மோந்தும் பாருங்கள். பளிச்சென்ற சிவப்பில் பொடிப்பொடியாக நுரை இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் போதும், நூறு நூற்றைம்பது கஜத்துக்குள் விழுந்து கிடக்கும். நுரையில்லாமல் அடர் சிவப்பாக இருந்தால் கல்லீரலாக இருக்கலாம், நாலு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பச்சையும் பழுப்புமாகப் பிசுபிசுவென்று ஒட்டி, நாற்றமும் அடித்தால் வயிறோ குடலோதான். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், அதாவது சாயங்காலம் விட்ட அம்பு என்றால் மறுநாள் காலையில்தான் தேட வேண்டும். வெயில் காலமானால் கறி கெட்டுப்போகலாம் என்பது உண்மைதான், ஆனால் துரத்திவிட்டால் மானே போய்விடும்.

தடத்தின் மேல் நடக்காமல் ஓரமாக நடங்கள். கடைசியாக ரத்தம் பார்த்த இடத்திலெல்லாம் ஒரு துண்டு டாய்லெட் பேப்பரைக் கட்டிக்கொண்டே போனால், திரும்பிப் பார்க்கும்போது மான் போன திசை தெரியும். தரையை மட்டும் பார்த்தால் போதாது, முழங்கால் உயரப் புல்லிலும் செடியிலும் தடவிவிட்டுப் போயிருக்கும். இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகளின் சிவப்புப் புள்ளிகள் ரொம்பவே ஏமாற்றும். சந்தேகமாக இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளியுங்கள், ரத்தம் என்றால் பொங்கி நுரைக்கும். மரத்தின் மேலிருந்து எய்து, அம்பு மறுபக்கம் வராமல் உள்ளேயே நின்றுவிட்டால் நெஞ்சுக்கூட்டுக்குள்தான் ரத்தம் தேங்கும், வெளியே கொஞ்ச தூரத்துக்குத் துளிகூட இருக்காது. தவறிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: பாதி வழியில் தடம் நின்றுவிட்டால்?

பதில்: நாலு பேரைக் கூட்டி வந்து காட்டை மிதிக்காதீர்கள். கயிற்றில் பிடித்துப் போகும் மோப்ப நாயை அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிக்கின்றன, உங்கள் மாநில விதியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். ரத்தம் நின்ற பிறகும் மானின் குளம்புப் பிளவுக்குள் இருக்கும் சுரப்பியின் வாசனையைப் பிடித்து அது போகும். மான் பக்கத்து நிலத்துக்குள் போயிருந்தால், முதலில் அந்த நிலத்துக்காரரைப் பார்த்து அனுமதி வாங்குங்கள்.