புதிதாகத் தொடங்குபவர் விமான சிமுலேட்டருக்கு எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம்?

தர்மபுரியைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இதுவரை மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரைக் கீபோர்டிலேயே ஓட்டி வந்திருக்கிறார். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ, த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம், விகேபி கிளாடியேட்டர் என்எக்ஸ்டி ஈவோ ஆகிய மூன்றில் எதை வாங்குவது, பொத்தான்கள் அதிகம் உள்ளதுதான் சிறந்ததா, கைப்பிடியை முறுக்கும் வசதி அவசியமா என்பவை அவருடைய ஐயங்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயணிகள் விமானமும் சிறு விமானமும் ஓட்டுவதே நோக்கம் என்றால் டி.16000எம் போதும். கையில் உள்ள பணம் லாஜிடெக்குக்குத்தான் எட்டும் என்றால் தயங்காமல் அதை வாங்கலாம். போர் விமானங்களில் ஆழமாக இறங்கப் போகிறீர்கள், இந்த ஆர்வம் ஆறு மாதத்தில் வடிந்துவிடாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே விகேபி வரை போகலாம். இந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதுதான் மீதிப் பதில்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட் அறுவை ஆலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய முதல் ஜாய்ஸ்டிக், பெயர் சொல்லத் தேவையில்லாத மலிவான ஒன்று. அட்டைப்பெட்டியில் இருபத்துச் சொச்சம் பொத்தான்களின் படம் போட்டிருந்ததைப் பார்த்து மயங்கி வாங்கினேன். பத்து மாதம் நன்றாக ஓடியது. அதன் பிறகு ஓடுதளத்தில் நேராக ஓட வேண்டிய விமானம், நான் கைப்பிடியைத் தொடாமலேயே இடப்பக்கம் வெட்டத் தொடங்கியது. விண்டோஸில் ஜாய்ஸ்டிக்கைச் சோதிக்கும் சாளரத்தைத் திறந்து பார்த்தால், நடுவில் அசையாமல் இருக்க வேண்டிய சிலுவைக் குறி ஈ மொய்ப்பது போலத் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிப்பாகத்தின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த பொட்டென்ஷியோமீட்டரின் கரித்தடத்தில், நடுப்பகுதியில் மட்டும் ஓர் அரிசி நீளத்துக்கு நிறம் மாறி, தேய்ந்து பளபளத்தது. ஜாய்ஸ்டிக் பெரும்பாலான நேரம் நடுவை ஒட்டியே ஆடுவதால் தேய்மானமும் அங்கேதான் விழுகிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்ததில் மூன்று வாரம் சரியாக இருந்தது. பிறகு பழைய கதைதான்.

பொட்டென்ஷியோமீட்டர் என்பது வீட்டு ஃபேன் ரெகுலேட்டரிலும் பழைய ரேடியோவின் ஒலிக் குமிழிலும் இருந்த அதே பொருள். ஒரு மின்தடைப் பட்டையின் மேல் சிறு உலோக நாக்கு உரசிக்கொண்டே நகர்கிறது. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கணினி கைப்பிடியின் நிலையாகப் படித்துக்கொள்கிறது. உரசல் இருக்கும் வரை தேய்மானமும் இருக்கும், எங்கள் ஊர்க் கல் தூசி அதை விரைவுபடுத்தவும் செய்யும். ஹால் சென்சாரில் இந்த உரசலே கிடையாது. கைப்பிடியோடு ஒரு காந்தம் நகர, அதைத் தொடாமல் சற்றுத் தள்ளியிருக்கும் சில்லு காந்தப்புலத்தின் மாற்றத்தை அளக்கிறது. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவு இது. எங்கள் ஆலையில் தேய்ந்து தேய்ந்து மாற்றிக்கொண்டிருந்த லிமிட் சுவிட்சுகளின் இடத்தில், தொடாமல் உணரும் பிராக்ஸிமிட்டி சென்சார்களை வைத்த பிறகு அந்த வேலையே எனக்கு இல்லாமல் போனது. ஆகவே, ஜாய்ஸ்டிக்கில் நான் முதலில் கேட்பது உள்ளே எது உரசுகிறது என்பதையே.

டி.16000எம் இந்த இடத்தில் தன் விலைக்கு மேல் தருகிறது. அதன் முன்பின் அசைவையும் பக்கவாட்டு அசைவையும் ஹால் சென்சார்கள் அளக்கின்றன. ஓர் அச்சுக்கு 14 பிட், அதாவது 16,384 படிகள். இரண்டு அச்சுகளையும் பெருக்கினால் வரும் சுமார் 26 கோடியே 80 லட்சத்தைத்தான் நிறுவனம் விளம்பரத்தில் பெருமையாகப் போட்டுக்கொள்கிறது. அந்தப் பெரிய எண்ணால் உங்கள் கைக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, ஏனென்றால் அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை எந்த மணிக்கட்டாலும் கொடுக்க முடியாது. பயன் முழுவதும் நடுப்புள்ளி நாளடைவில் இடம் மாறாமல் இருப்பதில்தான் உள்ளது. ஆனால் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இதே ஜாய்ஸ்டிக்கில் கைப்பிடியை முறுக்கும் அச்சும், அடியில் உள்ள சிறு த்ராட்டிலும் பொட்டென்ஷியோமீட்டரில்தான் இயங்குகின்றன. எனவே ‘ஹால் சென்சார்’ என்று பெட்டியில் எழுதியிருந்தால் எந்தெந்த அச்சுக்கு என்று கேட்டுத் தெளிவது நல்லது. விகேபி கிளாடியேட்டரில் முறுக்கும் அச்சும் தொடாத வகைதான். அதன் கூடுதல் விலைக்கு இது ஒரு காரணம்.

சென்சாருக்கு அடுத்து, என் பார்வையில் அதைவிடவும் முக்கியமாக, ஸ்பிரிங்கைச் சொல்வேன். கைப்பிடியை விட்டால் அது நடுவுக்குத் திரும்பி நிற்கிறது. அந்த நடுவிலிருந்து வெளியே நகர்த்தத் தொடங்கும் முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டரில் கையில் ஒரு தடுக்கல் தெரிகிறதா என்பதே கேள்வி. மலிவான ஜாய்ஸ்டிக்குகளில் நடுவில் ஒரு பள்ளம் இருப்பது போலத் தோன்றும்: மெதுவாக அழுத்தினால் அசையாது, சற்றுக் கூட்டினால் சட்டென்று அளவுக்கு மேல் போய்விடும். தரையிறங்கும்போது நமக்கு வேண்டிய திருத்தங்கள் எல்லாம் சரியாக அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள்தான் அடங்கியிருக்கின்றன என்பதால், தடுக்கல் உள்ள ஜாய்ஸ்டிக்கில் மூக்கு மேலும் கீழுமாக ஊஞ்சலாடும், நீங்களோ உங்கள் திறமையைக் குறை சொல்லிக்கொள்வீர்கள். விகேபியில் ஸ்பிரிங்குகளை மாற்றிப் போடலாம், உராய்வையும் திருகி இறுக்கலாம் அல்லது தளர்த்தலாம். நண்பர் ஒருவருடையதைப் பிடித்துப் பார்த்தபோது, நடு எங்கே தொடங்குகிறது என்பதே கைக்குத் தெரியவில்லை. டி.16000எம் அவ்வளவு நயமில்லை, ஆனால் எரிச்சலூட்டுவதும் இல்லை.

சிமுலேட்டரின் அமைப்புகளில் ‘டெட் ஸோன்’ என்று ஒன்று உண்டு. நடுவை ஒட்டிய சிறு அசைவைக் கணினி பொருட்படுத்தாமல் விடும் எல்லை அது. துடிக்கும் சென்சாரை மறைக்கப் பலர் இதைக் கூட்டிவிடுகிறார்கள். அது ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பது போன்றது. நல்ல சென்சார் இருந்தால் டெட் ஸோனைச் சுழியிலோ ஒன்றிரண்டு சதவீதத்திலோ வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக, கைப்பிடியின் அசைவுக்கு விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்று காட்டும் சென்சிட்டிவிட்டி வளைகோட்டை நடுவில் தட்டையாக்குங்கள். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டு விமானியின் நெஞ்சை நோக்கி நெடுந்தூரம் நகரக்கூடியது. நம் ஜாய்ஸ்டிக்கோ ஒரு சாண் உயரம்கூட இல்லாத கைப்பிடி, சில விரற்கடை சாய்ந்தாலே, மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டர் முழுவதும் திரும்பிவிடும். அந்த வேறுபாட்டை வளைகோடுதான் ஈடு செய்கிறது. மைனஸ் 30 சதவீதத்தில் தொடங்கி, உங்கள் கைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

எந்த விமானம் ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் நீங்கள் எழுதியிருக்கலாம், ஏனென்றால் விடை அதைப் பொறுத்து மாறும். ஏர்பஸ் ஏ320-இல் கேப்டன் இடப்பக்கம் அமர்கிறார். விமானத்தைச் சாய்க்கும் பக்கவாட்டுக் கைப்பிடியான சைடு ஸ்டிக் அவருடைய இடக்கையிலும், எஞ்சின் விசையைக் கூட்டும் நெம்புகோல்கள் வலக்கையிலும் வருகின்றன. லாஜிடெக்கின் கைப்பிடி வலக்கைக்கென்றே வார்க்கப்பட்டது. இடக்கையால் பிடித்தால் கட்டைவிரலுக்கு இடமே கிடைக்காது. டி.16000எம்மில் கைப்பிடியின் பக்கப் பகுதிகளைக் கழற்றி இடக்கைக்கு மாற்றிப் பொருத்தலாம். அதே உள்ளமைப்பைக் கொண்டு ஏ320-இன் சைடு ஸ்டிக் வடிவத்தில் வரும் த்ரஸ்ட்மாஸ்டர் டிசிஏ ஏர்பஸ் பதிப்பும் இப்படி மாற்றக்கூடியதே. விகேபியில் இடக்கைக்கும் வலக்கைக்கும் தனித்தனி மாடல்கள் விற்கிறார்கள். நான் வலக்கைக்காரன்தான், ஆனாலும் இடக்கையில் ஜாய்ஸ்டிக்கும் வலக்கையில் மவுஸுமாக அமர்ந்து பழகிய பிறகு, நடுவானில் ரேடியோ அலைவரிசையை மாற்ற ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டுத் தடவும் வேலை ஒழிந்தது.

ஏர்பஸ்ஸில் கைப்பிடியைச் சாய்த்து, விமானம் நீங்கள் விரும்பிய நிலைக்கு வந்ததும் விட்டுவிட்டால், கணினி அந்தப் பாதையைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் உள்ள ஜாய்ஸ்டிக் இந்த வேலைக்கு இயல்பாகவே பொருந்தும். செஸ்னாவில் அப்படியில்லை. அங்கே வேகம் மாறினால் மூக்கு ஏறும் அல்லது இறங்கும்; விமானி தண்டைப் பிடித்துக்கொண்டே டிரிம் சக்கரத்தைச் சுழற்றி, கையில் தெரியும் பாரம் மறையும் வரை சரிசெய்வார். நம் ஜாய்ஸ்டிக்கில் அந்தப் பாரம் ஒருபோதும் மாறாது, ஸ்பிரிங் எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் இழுக்கும். ஆகவே, மூக்கு நிற்க வேண்டிய இடத்தில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி, டிரிம் பொத்தானைத் தட்டித் தட்டி, கையை அங்குலம் அங்குலமாக நடுவுக்குத் தளர்த்திக்கொண்டு வர வேண்டும். இதற்காகவே, கட்டைவிரல் எட்டும் இடத்தில் டிரிமுக்கென இரண்டு பொத்தான்களை ஒதுக்குங்கள். செஸ்னாவும் போயிங் 737-உம் மட்டுமே உங்கள் உலகம் என்றால், ஹனிகோம்ப் ஆல்ஃபா போன்ற யோக் (கார் ஸ்டீயரிங் போலப் பிடிக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு) ஒன்றுக்குப் பணம் சேர்ப்பதும் தவறில்லை. ஆனால் அது மேசையின் பாதியைப் பிடித்துக்கொள்ளும்.

முறுக்கும் கைப்பிடி அவசியமா என்று கேட்டிருந்தீர்கள். காலால் மிதிக்கும் பெடல் வாங்கும் வரை அவசியம். ஓடுதளத்தில் திரும்பவும், குறுக்குக் காற்றில் மூக்கை நேர்ப்படுத்தவும் ரட்டர், அதாவது வாலில் உள்ள சுக்கான், வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட மூன்றிலும் அது கைப்பிடியிலேயே இருக்கிறது. இதைச் சொல்லக் காரணம், ஏ-10சி என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் கைப்பிடியைப் பார்த்துச் செய்த த்ரஸ்ட்மாஸ்டர் வார்ட்ஹாக்கின் உலோக அழகில் மயங்கிப் பலரும் அதை வாங்கிவிடுகிறார்கள். அதில் முறுக்கும் அச்சே கிடையாது, பெடலுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும். பொத்தான் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, லாஜிடெக்கில் 12, டி.16000எம்மில் 16. தரையிறங்கும் நேரத்தில் கண்ணை எடுக்காமல் நான் தொடுபவை ஐந்தாறுதான். மற்றவற்றுக்குக் கீபோர்டு இருக்கவே இருக்கிறது.

மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. எடை குறைந்த ஜாய்ஸ்டிக் எதுவானாலும், வேகமாகச் சாய்த்தால் அடிப்பாகம் தூக்கிக்கொள்ளும். எங்கள் ஆலையில் கழிவாகக் கிடந்த கிரானைட் துண்டு ஒன்றை, ஓர் அடிக்கு ஓர் அடி, 20 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, இருபக்கப் பசை நாடாவால் ஜாய்ஸ்டிக்கின் அடியில் ஒட்டினேன். ஏறக்குறைய 5 கிலோ எடை. மேசையில் கீறல் விழாமலிருக்கக் கீழே பழைய யோகா விரிப்பின் ஒரு துண்டு. கடையில் விற்கும் கிளாம்ப் எதுவும் எனக்கு இதுவரை தேவைப்படவில்லை. உங்கள் ஊரிலும் பளிங்குக்கல் கடைகளில் இத்தகைய துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள்.

வாங்கியதும், பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. சோதனைச் சாளரத்தில் கைப்பிடியை நான்கு மூலைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, சிலுவைக் குறி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு சிமுலேட்டரில் சேலம் கமலாபுரம் விமான நிலையத்திலிருந்து செஸ்னாவில் கிளம்பி, கீழே தெரியும் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு வடக்கே வாருங்கள். தொப்பூர்க் கணவாயில் சாலை மலைகளுக்கு இடையே நெளியும் இடத்தில், ஆட்டோபைலட் இல்லாமல், உயரம் 100 அடிக்கு மேல் மாறாமல் அதன் வளைவுகளைப் பின்தொடர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தர்மபுரியைக் கடந்து, இடப்பக்கம் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையின் நீர்ப்பரப்பு தெரியும் வரை வந்து சேர்ந்தபோது மணிக்கட்டு வலித்தால், ஸ்பிரிங் உங்கள் கைக்குக் கடினம். விரல்கள் மட்டும் வலித்தால் நீங்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். அதற்கு ஜாய்ஸ்டிக்கைக் குறை சொல்ல முடியாது.

பழைய பொருளாக வாங்குவதானால், பெங்களூரின் மின்னணுப் பொருள் கடைத்தெருவான எஸ்.பி. சாலை வரை போகிறவர்கள் மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய், முறுக்கும் அச்சை அங்கேயே பலமுறை ஆட்டிப் பாருங்கள். பழைய ஜாய்ஸ்டிக்குகளில் பெரும்பாலும் முதலில் கெடுவது அதுதான். இதில் எதற்கும் இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால், ஃப்ளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரை நிறுவி, யாரிடமாவது ஒரு ஜாய்ஸ்டிக்கை ஒரு வாரம் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதல் நாளே இடக்கையிலும் ஒரு முறை பிடித்துப் பாருங்கள்.