பிறந்த ஊர்ப் பத்திரமும் மருமகளின் கிறீன் காட்டும்: வாசகர் கேள்வி பதில்

சீனாவில் பிறந்த ஒருவரை அமெரிக்காவில் மணந்த பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மகன் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பிறந்தவர். அமெரிக்காவில் எச்-1பி என்ற தற்காலிக வேலை வீசாவில் வேலை செய்கிறார். கூட வேலை செய்த சீனப் பிள்ளையைப் போன வருடம் பதிவுத் திருமணம் செய்தார். மருமகளுக்கு அவருடைய கொம்பனி ஈபி-2 என்ற வேலைவாய்ப்பு வகையில் கிறீன் காட்டுக்கு, அதாவது நிரந்தர வதிவு அட்டைக்குப் போட்டு, கொம்பனியின் மனுவான ஐ-140 உம் சரிவந்துவிட்டது. ஆனால் சீனாவில் பிறந்தவர்கள் இன்னும் பல வருடம் காத்திருக்க வேண்டுமாம். இப்போது மகன் தன்னுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து அனுப்பச் சொல்கிறார். மருமகளின் அலுவலுக்கு மகனின் பத்திரம் எதற்கு?
(ஒரு தாய், களுவாஞ்சிக்குடி)

பதில்: அம்மா, அந்தப் பத்திரம்தான் இங்கே சாவி. தாமதிக்காமல் எடுத்து அனுப்புங்கள்.

அமெரிக்கா வேலைவாய்ப்பு வழியாக வருடத்துக்குச் சுமார் 140,000 கிறீன் காட் கொடுக்கிறது. எந்த ஒரு நாட்டுக்கும் அதில் 7 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். சீனாவிலும் இந்தியாவிலும் பிறந்தவர்கள் மிக அதிகமாக விண்ணப்பிப்பதால் அவர்களுடைய வரிசை நீண்டு கிடக்கிறது. வரிசை எங்கே நிற்கிறது என்பதை இராஜாங்கத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடும் வீசா அறிக்கையில் பார்க்கலாம். அதில் சீனா, இந்தியா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளுக்குத் தனித்தனி நிரல் உண்டு. ஏனைய நாடுகளெல்லாம் ஒரே நிரலில் அடங்கும். இலங்கை அந்தப் பொது நிரலில்தான் இருக்கிறது.

ஒருவர் எந்த நிரலில் வருவார் என்பதைத் தீர்மானிப்பது அவர் பிறந்த நாடு. கையில் இருக்கும் பாஸ்போட் அல்ல. உங்கள் மகன் நாளை கனடாப் பிரஜை ஆனாலும் இந்தக் கணக்கில் அவர் இலங்கையில் பிறந்தவர்தான். கணவன் மனைவி சேர்ந்து குடிபெயரும்போது, ஒருவர் மற்றவர் பிறந்த நாட்டின் நிரலைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. குடும்பம் பிரியக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஆகவே மருமகள் சீன நிரலை விட்டு இலங்கை நிற்கும் பொது நிரலுக்கு மாறலாம். அவருடைய முன்னுரிமைத் திகதி, அதாவது கொம்பனி முதலில் விண்ணப்பம் போட்ட நாள், மாறாது. அந்தத் திகதியைப் பொது நிரலில் வைத்துப் பார்க்க வேண்டும். பொது நிரலிலும் சில வகைகளுக்குக் காத்திருப்பு உண்டு. ஆனால் ஈபி-2இல் அது சீன நிரலை விடப் பல வருடம் முன்னால் நிற்கிறது.

இதை ஐ-140 படிவத்தில் கேட்பதில்லை. அடுத்த கட்டமான ஐ-485இல், அதாவது கிறீன் காட்டுக்கு அவரவர் போடும் விண்ணப்பத்தில்தான் கேட்க வேண்டும். மருமகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என இரண்டு ஐ-485 போடவேண்டும். இரண்டும் ஒரே பொதியில் ஒன்றாகப் போகவேண்டும். பொதியின் முதற்பக்கத்தில், கணவரின் பிறந்த நாடான இலங்கையின் கீழ் கணக்கெடுக்குமாறு கோருவதாகத் தெளிவாக ஒரு கடிதம் இருக்கட்டும். அதன் பின்னால் மகனின் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், ஐ-140 அங்கீகாரக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை வையுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். மனைவியினுடையதை முதலில் போட்டுவிட்டுக் கணவனுடையதைப் பிறகு பார்ப்போம் என்று விடுகிறார்கள். பொதியைத் திறக்கும் அலுவலர் சீனாவில் பிறந்தவர் என்று பார்த்து, திகதி வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். கணவனும் கூடவே விண்ணப்பித்தால்தான் அவருடைய நாட்டைக் கடன் வாங்க முடியும்.

பேரப்பிள்ளை அமெரிக்காவில் பிறந்திருந்தால் உதவாதா என்று சிலர் கேட்பார்கள். பிள்ளை பெற்றோரின் நாட்டைப் பயன்படுத்தலாம். பெற்றோர் பிள்ளையின் நாட்டைப் பயன்படுத்த முடியாது.

இனி உங்கள் பக்கத்து அலுவல். நீங்கள் களுவாஞ்சிக்குடியில் இருந்தாலும் மகன் பிறந்தது மட்டக்களப்பு நகரில். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு இருக்கும். அதனால் உங்கள் மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகத்தில் தேடி அலையாமல், மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பழைய பிரதி வீட்டில் இருந்தால் அதில் உள்ள பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனால் வேலை சுருக்கமாக முடியும். தாய் தகப்பன் இருவரின் பெயரும் உள்ள முழுப் பிரதியாக, உறுதிப்படுத்திய பிரதி மூன்று எடுங்கள். மகனின் பாஸ்போட்டில் உள்ள பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

கேள்வி: பிறப்புப் பத்திரத்தில் மகனின் பெயர் மட்டும் இருக்கிறது. பாஸ்போட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக வந்திருக்கிறது. எழுத்துக்கூட்டலும் வேறு. இது சிக்கலாகுமா?
(ஆரையம்பதி வாசகர்)

பதில்: எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ளதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் கேட்டபிறகு சொல்லலாம் என்று விடாமல், விண்ணப்பத்தோடேயே விளக்கம் வைக்க வேண்டும். ஐ-485இல் வேறு பெயர்கள் கேட்கும் இடத்தில் பத்திரத்தில் உள்ள வடிவத்தையும் எழுதுங்கள். இரண்டும் ஒரே ஆளுடைய பெயர் என்று ஒரு சத்தியக்கடதாசி இணையுங்கள். திகதியோ தகப்பன் பெயரோ பிழையாக இருந்தால் சத்தியக்கடதாசி போதாது. பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் வழியாகப் பதிவையே திருத்த வேண்டும். அதற்கு மாதக்கணக்காகலாம், ஆகவே முதலிலேயே தொடங்குங்கள்.

பத்திரம் தமிழில் இருந்தால் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தவர் தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஓரத்துக் குறிப்புகளையும் முத்திரையில் உள்ள எழுத்துகளையும் விட்டுவிடுகிறார்கள். அவையும் வரவேண்டும்.

யுத்தத்திலோ சுனாமியிலோ பதிவு அழிந்து, தேடியும் கிடைக்கவில்லை என்றால், அப்படி ஒரு பதிவு இல்லை என்று திணைக்களத்திடமே எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் மாற்றுச் சான்று எதையும் ஏற்கமாட்டார்கள். பிறகு பாடசாலை அனுமதி இடாப்பின் பிரதி, ஞானஸ்நானப் பதிவு, ஆஸ்பத்திரிக் குறிப்பு போன்றவை. அவையும் இல்லாவிட்டால், பிறப்பை நேரில் அறிந்த இருவரின் சத்தியக்கடதாசி. ஒரு வருடத்துக்கு மேல் பிந்திப் பதிவான பத்திரம் வைத்திருப்பவர்களும் இந்தச் சான்றுகளைக் கூடவே வைப்பது நல்லது.

மருமகளின் பத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். சீனாவில் அரச நொத்தாரிசு அலுவலகம் பிறப்பையும் திருமணத்தையும் உறுதிப்படுத்திக் கொடுக்கும் வெள்ளைப் புத்தகம் போன்ற ஆவணத்தைத்தான் அமெரிக்கா எதிர்பார்க்கிறது. அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்த்தே கேட்டு வாங்கலாம். சீனப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றுவதில்லை. எங்கள் வழக்கப்படி கணவன் பெயரைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எல்லாப் பத்திரங்களும் ஒரே பெயரில் இருப்பது அவருக்குப் பெரிய பலம்.

கேள்வி: மகன் 1991இல் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவர். இலங்கைப் பிரஜை. அவருடைய சீன மனைவிக்கும் இந்த வழி சரிவருமா?
(திருக்கோவில் வாசகர்)

பதில்: பிறந்த இடம் இந்தியா என்பதால் முதற்பார்வையில் அவரை இந்திய நிரலில் போடுவார்கள். அதுவும் நீண்ட வரிசை. ஆனால் ஒருவர் பிறந்த நாட்டில் பெற்றோர் இருவரும் பிறக்காமலும், அந்த நேரத்தில் அங்கே வதிவாளராக இல்லாமலும் இருந்தால், பெற்றோர் பிறந்த நாட்டின் கீழ் கேட்கலாம் என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. முகாம் அட்டை, அகதிப் பதிவு, நாடு திரும்பிய ஆவணம், உங்கள் இருவரின் இலங்கைப் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். முகாமில் இருந்ததை வதிவு என்று கொள்வதா என்பதை வாதாட வேண்டி வரும். வழக்கறிஞர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: மகள், எச்-1பி வீசாக்காரரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 வீசாவில் இருக்கிறார். கணவர் சீனர், எச்-1பி. மகள் எப்போது வேலைக்குப் போகலாம்?
(கல்முனை வாசகர்)

பதில்: இரண்டு கதவு உண்டு. கணவரின் ஐ-140 அங்கீகரிக்கப்பட்டிருந்தால் எச்-4 நிலையிலேயே ஐ-765 போட்டு வேலை அனுமதி அட்டை எடுக்கலாம். 2015 மே மாதத்திலிருந்து இருக்கும் வசதி இது. மற்றது, ஐ-485 போடும்போது கூடவே ஐ-765 போடுவது. உங்கள் மகள் இலங்கையில் பிறந்தவரானால், மேலே களுவாஞ்சிக்குடித் தாய்க்குச் சொன்ன முறைப்படி கணவர் மகளின் நிரலுக்கு மாறி, இருவரும் சீக்கிரமே ஐ-485 போடலாம். முதலில் அதைப் பாருங்கள்.

2024 ஏப்ரல் 1இல் வந்த கட்டணப்படி வளர்ந்த ஒருவருக்கு ஐ-485 க்கு 1,440 டொலர், அதோடு போடும் ஐ-765 க்கு 260 டொலர். இருவருக்கும் 3,400 டொலர். மருத்துவப் பரிசோதனைச் செலவு தனி. பழைய வழிகாட்டிகள் காசோலை வைக்கச் சொல்லும். 2025 ஒக்டோபர் 28க்குப் பிறகு காசோலையும் மணி ஓடரும் செல்லாது. கடனட்டைக்கு ஜி-1450, வங்கிக் கணக்குக்கு ஜி-1650 படிவத்தை மேலே வைக்க வேண்டும். மருத்துவப் படிவமான ஐ-693 உம் 2024 டிசம்பர் 2இலிருந்து ஐ-485ஓடு கூடவே போகவேண்டும். இல்லாவிட்டால் முழுப் பொதியும் திரும்பலாம். ஐ-765இல் சமூகப் பாதுகாப்பு இலக்கம் வேண்டும் என்ற பெட்டியையும் நிரப்பினால் அதற்கென்று தனியாக அலையத் தேவையில்லை.

வேலை அனுமதி அட்டையின் திகதி முடிய 180 நாளுக்கு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அந்த முதல் நாளிலேயே போடச் சொல்லுங்கள். முன்பு புதுப்பிக்கப் போட்டவர்களுக்கு 540 நாள் தானாகவே நீடிக்கும். 2025 ஒக்டோபர் 30இலிருந்து போடுபவர்களுக்கு அது இல்லை. புது அட்டை வராவிட்டால் பழையது முடிந்த நாளில் வேலையை நிறுத்த வேண்டியதுதான். ஐ-485 வழியாக எடுக்கும் அட்டையின் ஆயுளையும் 2025 டிசம்பரில் ஐந்து வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைத்துவிட்டார்கள்.

வீடு மாறினால் 10 நாளுக்குள் குடிவரவுச் சேவைக்கு முகவரி மாற்றம் அறிவிக்க வேண்டும். தபால் கந்தோரில் மட்டும் சொல்லிவிட்டிருந்த பலருடைய அட்டை திரும்பிப் போயிருக்கிறது.

கேள்வி: ஐ-485 போட்டிருக்கும்போது பிள்ளைகள் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து போகலாமா?
(கல்லடி வாசகர்)

பதில்: செல்லுபடியாகும் எச்-1பி அல்லது எச்-4 வீசா கையில் இருந்து, அதே நிலையில் திரும்பிப் போவதானால் வரலாம். மற்றவர்கள் ஐ-131 போட்டு முன்பயண அனுமதி கைக்கு வந்த பிறகுதான் விமானம் ஏறவேண்டும். அது இல்லாமல் வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். கட்டிய காசும் திரும்பாது.

கேள்வி: மகளிடம் கிறீன் காட் இருக்கிறது. மருமகன் சீனாவில் பிறந்தவர், அமெரிக்காவில் மாணவர் வீசாவில் படிக்கிறார். இவருக்கும் சீன வரிசைதானா?
(அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: இல்லை. கிறீன் காட் உள்ளவரின் துணைக்கான எஃப்2ஏ வகையில் பெரும்பகுதி வீசாக்களுக்கு நாட்டு வரம்பு கிடையாது. அதனால் சீனாவில் பிறந்தவர் இங்கே தனியாகப் பின்தங்குவதில்லை. காத்திருப்பு பெரும்பாலான நாட்டவருக்கும் பொது. மகள் துணைக்கான மனுவான ஐ-130 போட்ட நாள்தான் இடம் பிடிக்கும் நாள், ஆகவே அதைப் பிந்தாமல் போடட்டும். திகதி வரும்வரை மருமகன் மாணவர் நிலையை ஒரு நாளும் இடைவெளி விடாமல் காப்பாற்ற வேண்டும். ஐ-130 போட்ட பிறகு சீனாவுக்குப் போய் மாணவர் வீசாவைப் புதுப்பிக்கப் போனால், குடியேற நினைப்பவர் என்று மறுக்கலாம். மகள் அமெரிக்கப் பிரஜை ஆகிவிட்டால் வரிசையே இல்லை.

திருமணமாகி இரண்டு வருடம் ஆகுமுன் மருமகனுக்கு அனுமதி கிடைத்தால் இரண்டு வருட நிபந்தனை அட்டைதான் வரும். அது முடியுமுன் உள்ள 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 போடவேண்டும். அந்தத் திகதியை இருவருமே குறித்துவைத்திருக்க வேண்டும்.

கேள்வி: மருமகள் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்திருந்தாராம். படிவத்தில் அதைக் கேட்கிறார்கள். சொல்லாமல் விட்டால் என்ன?
(வாழைச்சேனை வாசகர்)

பதில்: சொல்லாமல் விடவே கூடாது. உறுப்பினராக இருந்தது தீர்க்கக்கூடிய சிக்கல். மறைத்தது தெரியவந்தால் அந்தப் பொய்யே வாழ்நாள் தடையாகலாம்.

சட்டத்தில் விலக்குகள் இருக்கின்றன. 16 வயதுக்கு முன் சேர்ந்தது, விருப்பமின்றிச் சேர்ந்தது, வேலை போன்ற பிழைப்புத் தேவைக்காகச் சேர்ந்தது ஆகியவை ஒரு பக்கம். ஆட்சியில் இருக்கும் கட்சியானபடியால், விண்ணப்பத்துக்குக் குறைந்தது ஐந்து வருடம் முன் உறுப்புரிமை முடிந்திருந்தாலும் விலக்கு உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து சந்தா கட்டாமலும் கூட்டங்களுக்குப் போகாமலும் இருந்தவரைத் தானாக விலகியவராகக் கொள்வது அந்தக் கட்சியின் யாப்பிலேயே இருக்கிறது. ஆகவே கடைசியாகச் சந்தா கட்டியது எப்போது, நாட்டை விட்டு வந்தது எப்போது என்று திகதிகளோடு ஒரு கூற்று எழுதட்டும். ஐந்து வருடம் நிறையாவிட்டாலும், கணவர் அமெரிக்கப் பிரஜையாகவோ கிறீன் காட் உள்ளவராகவோ இருந்தால் ஐ-601 மூலம் விலக்களிப்புக் கேட்கலாம்.

அதே படிவத்தில் எங்கள் பிள்ளைகளுக்கும் கடினமான கேள்விகள் உண்டு. ஆயுதப் பயிற்சி பெற்றீர்களா, ஆயுதக் குழுவுக்குப் பணம், உணவு, தங்குமிடம் கொடுத்தீர்களா என்று கேட்கும். விடுதலைப் புலிகள் அமைப்பு 1997 ஒக்டோபரிலிருந்து அமெரிக்கப் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையில் வாழ்ந்த குடும்பங்களில் வீட்டு வாசலில் வந்து கேட்டபோது ஒரு பார்சல் சோறு கொடுக்காதவர்கள் குறைவு. அமெரிக்கச் சட்டத்தில் அந்தச் சோறும் ஆதரவுக் கணக்கில் வரலாம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர்களுக்கு விதிவிலக்கு அளிக்கும் அதிகாரம் அமெரிக்க அரசிடம் இருக்கிறது. ஆனால் அது தானாகக் கிடைப்பதில்லை. யார், எப்போது, எந்த மிரட்டலில் என்று விபரமாக எழுதவேண்டும். மகனுக்கு அப்படி ஏதும் இருந்தால் ஐ-485 தபாலில் சேரமுன் குடிவரவு வழக்கறிஞரோடு பேசட்டும். அவருடைய விண்ணப்பக் கோவை நின்றுபோனால், அவர் பிறந்த நாட்டை நம்பி நிற்கும் மருமகளின் கோவையும் கூடவே நின்றுவிடும்.