கிரீடத்துக்குப் பெட்ரோல் காசு

வணக்கம் அக்கா,

பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பிறை என்ற ஊரிலிருந்து எழுதுகிறேன். என் தங்கை மகளுக்கு 23 வயது. போன மாதம் பினாங்கு மாநில அழகியாக வந்தாள். பேங்கில் வேலை. அன்றிலிருந்து அவள் அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோயிலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "பொம்பளப் பிள்ளைய இப்படி மேடையில நடக்க விட்டுட்டீங்களே" என்றார். அதே பெரியவர் அடுத்த வாரம் போன் போட்டு, "ஜார்ஜ்டவுன்ல நம்ம சங்க ஆண்டு விழா, கிரீடத்தோட வரச் சொல்லும்மா" என்கிறார்! வேலையை விட்டுவிடவா என்று பிள்ளை கேட்கிறாள். இந்த ஒரு வருஷத்தில் அவளுக்கு என்னதான் மிஞ்சும்? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

(பெயர் வேண்டாம் என்றீர்கள், உறவையே பெயராக்கிவிட்டேன்.)

பெரியவரின் போனைப் படித்ததும் சிரித்தேன். அப்புறம்தான் கோபம் வந்தது. மேடையில் நடந்தது தப்பு என்றவரே கூப்பிடுகிறார், அதுவும் காசுப் பேச்சே இல்லாமல்.

வேலையை விட வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாநில அழகியும் நானும் ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். அவள் கிரீடம் இருந்த இடம் ஒரு பிஸ்கட் டின். அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டிருப்பாள். கல் விழுந்தால் புருவம் பிடுங்குகிற இடுக்கியால் எடுத்துப் பசை வைத்து ஒட்டுவாள். அடுத்த வருஷம் வருகிறவளிடம் அதை முழுசாக ஒப்படைக்க வேண்டுமே. ஒருநாள் கிள்ளானில் ஒரு புடவைக்கடைத் திறப்பு விழா. டின்னை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனோம். வரச் சொன்னது காலை பத்துக்கு. ரிப்பன் வெட்டுகிற பிரமுகர் வந்தது ஒன்றரைக்கு. அதுவரை ஹைஹீல்ஸில் நின்றாள். உட்கார்ந்தால் புடவை கசங்கும், புடவையோ கடையுடையது. முடிந்ததும் புடவையை வாங்கிக்கொண்டு ஒரு ஹாம்பர் கொடுத்தார்கள். மைலோ, பிஸ்கட், ஒரு போத்தல் சர்பத். ரயில் டிக்கெட் எங்கள் காசு. ராத்திரி குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரித்தபோது தோலும் கூடவே வந்தது. மறுநாள் எட்டு மணிக்கு அவள் ஆபீசில் இருந்தாள். அந்தச் சம்பளம் இல்லையென்றால் வாடகை இல்லை.

"எவ்வளவு கொடுப்பீங்க?" என்று அந்த வருஷம் முழுக்க அவள் யாரிடமும் கேட்கவில்லை. தலைக்கனம் என்பார்களே என்று பயம். நாதஸ்வரக்காரருக்கு முன்பணம் உண்டு, சமையல்காரருக்கு உண்டு, மேடைக்குப் பூ கட்டுகிறவருக்கும் கூலி உண்டு. மூன்றரை மணி நேரம் நின்ற பெண்ணுக்கு ஒரு கும்பிடு.

சரி, உங்கள் பிள்ளை கையெழுத்துப் போட்ட காகிதத்தை முதலில் தேடி எடுங்கள். நம் நாட்டில் மாநில அழகிப் பட்டம் ஒன்றே ஒன்று இல்லை, நடத்துகிற குழுவுக்கு ஒன்றாக இருக்கிறது. வருஷத்துக்கு எத்தனை நிகழ்ச்சி, உடைக்கும் ஒப்பனைக்கும் யார் செலவு, படங்கள் யாருக்குச் சொந்தம், தானாக ஒரு விளம்பரத்தை ஏற்றுக்கொள்ளலாமா, பாதியில் விலகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். தெரிந்த வக்கீல் இருந்தால் காட்டிவிடுங்கள்.

இதற்குள் யாராவது நடிகை மிஷெல் இயோவைச் சொல்லி ஆசை காட்டியிருப்பார்கள். ஈப்போக்காரர், 1983-இல் மலேசிய அழகி. போட்டிக்கு அவர் பெயரைக் கொடுத்ததே அவர் அம்மாதான். உண்மை. ஆஸ்கார் வாங்கியது 2023-இல். இடையில் 40 வருஷம். சண்டைக் காட்சிகளில் அவர் விழுந்து எழுந்ததை யாரும் ஆசை காட்டச் சொல்வதில்லை. 2011-இல் பிரபஞ்ச அழகிப் போட்டிக்கு நம் நாட்டிலிருந்து போன டெபோரா ஹென்றி, அதற்கு முன்பே கோலாலம்பூரில் அகதிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்குவதில் பங்கெடுத்தவர். இவரைப் பற்றிப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

அவள் அப்பாவிடம் சொல்ல நீனா தவுலூரி இருக்கிறார். நியூயார்க் மாநில அழகி, தெலுங்குக் குடும்பம். 2013-இல் இந்திய நடனத்தை மேடையில் ஆடி மிஸ் அமெரிக்கா ஆனார். அன்று இரவே இணையத்தில் அவரைப் பயங்கரவாதி என்றெல்லாம் ஏசினார்கள். நான் சொல்ல வந்தது ஏச்சை அல்ல. கிரீடத்தோடு அவருக்குக் கிடைத்தது படிப்புக்கு 50,000 டாலர். கிரீடத்தோடு கூட என்ன வருகிறது என்று கேட்பது பேராசை இல்லை, பெரியம்மா.

அப்பாவின் கோபத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று கூனிப்போயிருக்கிற மனுஷராக அவர் இருக்கலாம்.

பெரியவரிடம் பிள்ளை பேச வேண்டாம், நீங்கள் பேசுங்கள். "பிள்ளை வரும், ஐயா. ஒப்பனைக்கு இவ்வளவு வெள்ளி, பெட்ரோலுக்கும் பாலத்து டோலுக்கும் இவ்வளவு, அது நிற்கிற நேரத்துக்கு இவ்வளவு. எத்தனை மணிக்கு மேடை, எத்தனை மணிக்கு விடுவீங்க?" என்று கேளுங்கள். இழுத்தார் என்றால், வணக்கம் சொல்லி போனை வைத்துவிடலாம். சரி என்றால் போகட்டும். அன்றைக்குக் காரை ஓட்டச் சொல்லி அவள் அப்பாவிடம் கேளுங்கள். வழியில் பேச வேண்டியதில்லை, ஓட்டினால் போதும்.