வார்டு மாறினால் அனுபவம் வீணாகுமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஆறு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறினால் இந்த அனுபவம் வீணாகிவிடுமா?
– வாசகி, பவானி

பதில்: வீணாகாது, சகோதரி. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கில் நாடித்துடிப்பு ஏறுவதையும் இரத்த அழுத்தம் சரிவதையும் உடனே கண்டுகொண்டு பழகிய உங்களுக்கு, அந்தப் பிரிவில் புதிதாகக் கற்க வேண்டியவை வென்டிலேட்டரைக் கவனித்தல், இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவைக் காட்டும் தமனி இரத்த வாயுப் பரிசோதனை முடிவுகளைப் படித்தல், மருந்தை மணிக்கு இத்தனை மில்லி எனக் கணக்கிட்டு இன்ஃப்யூஷன் பம்பில் செலுத்துதல் போன்றவையே. வேலையை விட்டுவிட்டு வேறு மருத்துவமனைக்குப் போகும் முன், இப்போதைய இடத்திலேயே உள்மாற்றம் கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். தீவிர சிகிச்சைச் செவிலியர் பணிக்கென இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள ஓராண்டு டிப்ளமோ படிப்பும் உண்டு. எங்கு சேர்ந்தாலும், மூத்த செவிலியர் ஒருவருடன் இணைந்து பழகும் காலம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அதைத் தர மறுக்கும் மருத்துவமனையில், சம்பளம் கூடுதலாக இருந்தாலும் சேர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.