போர்த் திட்டங்கள் ஏன் களத்தில் பொய்க்கின்றன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜெர்மன் படைத்தலைமைத் தளபதியாயிருந்த ஷ்லீஃபன் வகுத்தபடியே, பெல்ஜியம் வழியாகப் பிரான்ஸுக்குள் பாயும் வலது அணியை வலுவாக வைத்திருந்தால், 1914-இல் ஜெர்மனி பாரிஸைப் பிடித்திருக்குமா?

பதில்: போருக்குப் பின் ஜெர்மானியத் தளபதிகள் பலர் அப்படித்தான் எழுதினார்கள், ஷ்லீஃபனுக்குப் பின் அப்பதவிக்கு வந்து, வலது அணியைப் பலவீனமாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1916-இலேயே இறந்துவிட்ட மோல்ட்கேயின் தலையில் பழியைப் போடுவது அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் வலது ஓரத்தில் சென்ற முதலாம் ராணுவத்தின் நிலையைப் பாருங்கள். அதனுடன் சென்ற குதிரைகள் சுமார் 84,000. அவற்றின் தீவனம் மட்டுமே நாளொன்றுக்கு ஏறக்குறைய 900 டன். பெல்ஜியர்கள் ரயில் பாலங்களையும் சுரங்கப் பாதைகளையும் தகர்த்துவிட்டுப் பின்வாங்கியதால் சரக்கு ரயில்கள் வெகு பின்னால் நின்றுவிட்டன. வழியிலிருந்த வயல்களில் பச்சைக் கதிரை மேய்ந்த குதிரைகள் நோயுற்று விழ, அவை இழுத்துவந்த பீரங்கிகளும் பின்தங்கின. இந்த நிலையில் மேலும் சில படைப்பிரிவுகளைச் சேர்த்திருந்தால் பசித்த வயிறுகளின் எண்ணிக்கைதான் கூடியிருக்கும் என்பது என் கருத்து. இதே நாட்களில் பிரெஞ்சுத் தளபதி ஜோஃப்ர் தம் படைகளை ரயிலேற்றிப் பாரிஸ் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார். செப்டம்பரில் மார்ன் ஆற்றருகே ஜெர்மானியர் தடுத்து நிறுத்தப்பட்டதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

கேள்வி: 1944-இல் நெதர்லாந்தின் ஆற்றுப் பாலங்களைப் பிடிக்க நேசநாடுகள் மேற்கொண்ட மார்க்கெட் கார்டன் நடவடிக்கை தோற்றது உளவுத் தகவலைப் புறக்கணித்ததால்தானே?

பதில்: ஓரளவுக்கு. கடைசிப் பாலம் இருந்த ஆர்னெம் நகருக்கு அருகே ஜெர்மன் டாங்கிகள் இருப்பதை வான்படங்களில் கண்டு எச்சரித்த உளவு அதிகாரி பிரையன் அர்கார்ட் மருத்துவ விடுப்பில் அனுப்பப்பட்டார். (பின்னாளில் ஐ.நா.வில் உயர்பதவி வகித்தவர் இவரே.) எனினும், அந்த டாங்கிகள் இல்லாதிருந்தாலும் திட்டம் தடுமாறியிருக்கும். வான்குடைப் படையினர் பாலங்களைப் பிடித்து வைத்திருக்க, தரைப்படை ஒரே நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 100 கி.மீ. முன்னேறி அவர்களை அடைய வேண்டும். விமானங்கள் போதாததால் படையினரைப் பல நாட்களில் இறக்க நேர்ந்தது. முதல் நாள் ஆர்னெமில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர், பின்னால் வருவோருக்காக இறங்குதளத்தைக் காத்து நிற்க, பாலமோ பல கி.மீ. தொலைவில் இருந்தது. சோன் கிராமத்துப் பாலத்தை ஜெர்மானியர் முதல் நாளே வெடிவைத்துத் தகர்த்தனர். மாற்றுப் பாலம் அமைத்து டாங்கிகள் கடந்தது செப்டம்பர் 19 காலையில்தான். எந்தப் படி தவறினாலும் அதற்கு மாற்று ஏற்பாடு கிடையாது. ஆர்னெமில் போரிட்ட பிரிட்டிஷ் டிவிஷனில் ஏறக்குறைய கால் பங்கினரே ரைன் ஆற்றைக் கடந்து திரும்பினர்.

கேள்வி: துணிச்சலான திட்டங்கள் ஜெயித்ததே இல்லையா?

பதில்: ஏன் இல்லை? 1940 மே மாதம் ஆர்டென் காடு வழியாக ஜெர்மானியர் பிரான்ஸுக்குள் நுழைந்தது அப்படிப்பட்டதுதான். ஆனால் காட்டுச் சாலைகளில் அவர்களுடைய வண்டிகள் நெருக்கியடித்து நின்றபோது, நேசநாட்டு விமானங்கள் அங்கே பெரிய அளவில் குண்டு வீசவில்லை; அந்த அதிர்ஷ்டம் வாய்க்காதிருந்தால் அதுவும் தடுமாறியிருக்கலாம்.

கேள்வி: முன்கூட்டியே கணக்குப் போட்டால் இத்தகைய குறைகள் தெரியாதா?

பதில்: தெரியும்; தெரிந்தும் இருந்தது. 1941-இல் ஜெர்மனி சோவியத் யூனியன்மீது தொடுத்த பார்பரோசா படையெடுப்புக்கு முன்பே, ஏறக்குறைய 500 கி.மீ.க்கு அப்பால் நின்று வழங்கல் தளங்களை அமைத்தாக வேண்டும் என்று தளவாடப் பொறுப்பாளர் வாக்னரின் துறை கணக்கிட்டது. எல்லையிலிருந்து மாஸ்கோ அதைப்போல் இருமடங்கு தொலைவு; போதாக்குறைக்கு சோவியத் ரயில்பாதையின் அகலமும் வேறு. திட்டம் மட்டும் மாறவில்லை. செஞ்சேனை தினீப்பர் ஆற்றுக்கு மேற்கிலேயே அழிந்துவிடும், அதற்கப்பால் பெரிய போர் இராது என்ற அனுமானத்தைக் கொண்டு அந்தப் பற்றாக்குறையைச் சரிக்கட்டினார்கள்.